எம்.ஏ. கருணை

அலைபேசி அலறியது. எம்.பி.பி.எஸ். சேர்க்கைச் செயலியின் தீர்ப்பு வந்திருந்தது: “நான்கு மதிப்பெண் குறைவு. உங்கள் மூன்று முதுகலைப் பட்டங்கள் போதாது.”

முப்பத்திரண்டு வயது இளம்பரிதி இடிந்துபோனான். கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, அம்மா அதே செயலியில் முதுகலைப் படிப்புகளின் மதிப்பெண் பட்டியலைத் துழாவினாள்.

“எம்.எஸ்சி. ரத்தவியலுக்கு ரெண்டு மார்க்குதான்டா தர்றான். எம்.ஏ. கருணைக்கு அஞ்சு! கண்ணை மூடிக்கிட்டு அதுல சேரு.”

சேர்ந்தான். வெறியோடு படித்தான்.

முதல் தேர்வுக்கு முந்தின நாள் காலை, குளியலறையில் ‘தொம்’மென்று சத்தம். வழுக்கி விழுந்த அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “பரிதி, எழுந்திரிக்க முடியலடா! ஓடி வாடா!” என்று கதறினார்.

இளம்பரிதி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“கொஞ்சம் மெதுவா கத்துங்கப்பா! நாளைக்கு எனக்குக் கருணைப் பரீட்சை!”