கடிக்காத ஷூ

வில்லியனூர் செருப்புக் கடையில் எடுத்துப் போட்ட எந்த ஷூவும் விஜயராணிக்குப் பிடிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரருக்கு அகலப் பாதம் தம்பி. வேளாங்கண்ணிக்கு நடக்கணும்னு வேண்டுதலு. வெரலு நசுங்கக் கூடாது."

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பெரிய ஜோடியை எடுத்து வந்தார். வலது ஷூவுக்குள் கையை விட்டு விரல்களை விரித்துப் பார்த்தாள். தாராளமாக இருந்தது.

"இதையே கட்டுங்க."

"இடதையும் பாத்துடுங்கக்கா. அப்பறம் கடிக்குதுன்னு வந்து நிப்பீங்க."

"அது கடிக்காது தம்பி."

"இன்னாக்கா, பாக்காமலே சொல்றீங்க?"

அவளே பெட்டியை மூடினாள்.

"சக்கரப் புண்ணு முத்திப்போச்சு. நாளைக்கு அந்தக் கால எடுக்குறாங்க. அவருகிட்ட இன்னும் சொல்லல. ஆஸ்பத்திரில படுத்துக்கினு, ஷூ வாங்கிட்டியா, ஷூ வாங்கிட்டியான்னு கேக்குறாரு. ஜோடியாவே கட்டுங்க."