பியூலாவின் கடைவாய்ப்பல்

மார்பில் தொடங்கிய புற்றுநோய் பியூலாவின் முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் வந்துவிட்டது. எலும்பு நொறுங்காமலிருக்க மாதம் ஓர் ஊசி போட வேண்டும். போட ஆரம்பித்துவிட்டால் பல்லைப் பிடுங்கக் கூடாது, தாடை ஆறாது. அதனால் முதலில் பல்லைச் சரிசெய்துகொண்டு வரும்படி புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பல் டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். சொத்தைக் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் முடித்து, மேலே மாட்டும் கேப் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“இது போதும்மா. அஞ்சு வருஷம் கேரண்டி.”

பியூலா சுவரிலிருந்த விளம்பரத்தைப் பார்த்தாள். “பதினஞ்சு வருஷ கேப்பும் இருக்குன்னு போட்டிருக்கே டாக்டர். அதை ஏன் காட்டல?”

அவர் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தார். “அது... கொஞ்சம் விலை கூடுதல்மா.”

“நான் விலையைக் கேக்கலையே” என்று சொல்லிவிட்டு அவள் வாயை அகலத் திறந்தாள்.