மஸ்கட்டிலிருந்து ஒரு சின்னப் படம்

கேமராவின் பச்சை விளக்கு எரியவே இல்லை.

ஹேமநாத் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய கேமரா. பெட்டி இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை, சி.டி. இல்லை. ஜெயசீலி வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வேறு. தான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையில் வைத்து அதைப் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான்.

"வைரஸ் வராதுன்னு சொல்லித்தானே தம்பி போட்டுக் குடுத்தே? இப்ப மாப்பிள்ளையும் வரமாட்டேங்கறாரே!" என்றாள் ஜெயசீலி.

மாப்பிள்ளை அன்பு, மஸ்கட்டில் நண்பனின் அறையில் காத்திருந்தான். கல்யாணமான கையோடு விமானம் ஏறியவன். கம்ப்யூட்டர் நண்பனுடையது. அந்த நண்பன் இன்று மாலை அதையும் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறான். இன்றைக்கு விட்டால் அப்புறம் எப்போதோ.

மகள் கிருபா ஜெயசீலியின் தோளை ஒட்டி நின்றிருந்தாள்.

"அக்கா, இந்த மைக்கைக் கொஞ்சம் பிடிங்களேன்," என்றான் ஹேமநாத், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் அசையவில்லை. ஜெயசீலிதான் வாங்கிக்கொண்டாள். புதுப்பெண், கூச்சம் போலிருக்கிறது.

கேமராவுக்குள் இருந்த சிப்பின் எண்ணைக் கண்டுபிடித்து இணையத்தில் தேடினான். எந்த நாட்டிலோ யாரோ ஒருவர் இந்தச் சிப்பை இயக்கவென்றே டிரைவர் என்ற புரோகிராமை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டு வைத்திருந்தார். இறக்கினான். கட்டளைகளைத் தட்டினான். திரை முழுக்க வெள்ளை எழுத்துகள் ஓடின.

பச்சை விளக்கு எரிந்தது.

அழைத்தான். கடலுக்கு அப்பாலிருந்து மீசை வைத்த ஓர் இளைஞன் திரையில் வந்து நின்றான். ஹேமநாத்துக்கே உடம்பு சிலிர்த்தது.

ஆனால் ஸ்பீக்கரில் மூச்சே இல்லை.

"சவுண்டு வரலை ஆன்ட்டி. கொஞ்சம் டைம் குடுங்க..."

"அது கெடக்கட்டும்ப்பா. நீ எந்திரி, அவ உக்காரட்டும்."

கிருபா உட்கார்ந்தாள். கைகளை உயர்த்தினாள். விரல்கள் விரிந்தன, மடங்கின, நெஞ்சைத் தொட்டன, காற்றில் எதையோ வரைந்தன.

அங்கே அன்புவும் கைகளை உயர்த்தினான்.

படம் விட்டு விட்டு வந்தது. இங்கே தெரிந்த கை, அடுத்த கணம் வேறெங்கோ இருந்தது. நடுவில் என்ன சொன்னான் என்பது எங்கேயோ விழுந்துவிட்டது. கிருபா புரியவில்லை என்று தலையை ஆட்டினாள். அவள் கண்கள் நிறைந்தன.

ஹேமநாத்துக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது: இவர்கள் இருவருக்கும் கைதான் பேச்சு.

குனிந்து, அவள் தோளுக்கு மேலாகக் கைநீட்டி, படத்தைச் சின்னதாக்கினான். இன்னும் சின்னதாக. தீப்பெட்டி அளவுக்கு. சின்னப் படத்தை அந்த இணைப்பால் தடங்கல் இல்லாமல் சுமக்க முடிந்தது.

தீப்பெட்டிக்குள் இரண்டு கைகள் தண்ணீராக ஓடின. கிருபாவின் கைகள் அதைவிட வேகம். புருவம் பேசியது, கன்னம் பேசியது, கழுத்து பேசியது. இப்படி ஒரு பேச்சை அவன் தன் ஆயுளில் பார்த்ததில்லை.

திடீரென்று கிருபா மேஜையைப் படாரென்று அறைந்தாள். திரைக்குள் அன்பு இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், உடனே திரும்பினாள்.

"என்ன ஆன்ட்டி சொல்றாங்க?" ஹேமநாத் பதறினான்.

ஜெயசீலி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"சண்டை போடறாங்கப்பா. இவ்ளோ நாளா எஸ்.எம்.எஸ்.ல சாப்பிட்டியா, தூங்கினியாதான். மனசாரச் சண்டை போட இன்னைக்குத்தான் முடிஞ்சுது."