கர்னலின் பல்லைத் தட்டிய துப்பாக்கி

ஐந்து தலைமுறையாகத் துப்பாக்கி செய்த ஸபேலின் குடும்பத்தில் ஒருவர் திருடப் போவது அதுவே முதல் தடவை. ஆகவே யெவ்கிராஃப் லூக்கிச் முகம் மழித்து, டை கட்டி, பதக்கங்கள் குத்திய கோட்டை அணிந்துகொண்டார்.

திருடப் போவதும் வேற்றார் பொருள் அல்ல. எழுபத்தொன்பது வயதாகும் அவர் தம் நாற்பத்திரண்டாம் வயதில் வடிவமைத்த துப்பாக்கி. தோட்டா ஒவ்வொன்றும் ஊறுகாய் வெள்ளரிக்காய் பருமன். மற்றவர்கள் விசைக்கு முன்னால் வைக்கும் இயந்திரத்தையும் தோட்டாப் பெட்டியையும் அவர் பின்னால், தோளில் சாயும் கட்டைக்குள்ளேயே தள்ளிவிட்டார். குழல் குறையவில்லை, துப்பாக்கி மட்டும் ஒரு முழம் குட்டையானது.

சோதனைக்கு வந்த கர்னல் இடதுகைக்காரர்.

"வலது தோள்ல வெச்சுச் சுடுங்க, தோழர் கர்னல். தோட்டாவோட காலிக் கூடு வலப்பக்கமாத் தெறிக்கும்" என்றார் லூக்கிச்.

"எனக்கே சுடச் சொல்லித் தர்றியா?"

கர்னல் இடது தோளிலேயே வைத்துச் சுட்டார். குண்டு இலக்கில் பாய்ந்தது. காலிக் கூடு கர்னலின் இரண்டு பற்களில் பாய்ந்தது. துப்பாக்கி தகுதியற்றது என்று அன்று மாலையே தாளில் ஏறிவிட்டது.

அதை லூக்கிச் பொறுத்துக்கொண்டார். இப்போது வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தூலா நகரில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் சிறிய அருங்காட்சியகம் சனிக்கிழமை ஒரு கூடம் திறக்கிறது. பெயர், 'வேடிக்கைத் தோல்விகள்'. நடுநாயகமாக அவருடைய துப்பாக்கி. பக்கத்தில் பிளாஸ்டிக் பற்கள் இரண்டு. கீழே கொட்டை எழுத்தில் 'ஸபேலின்'.

"பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க, யெவ்கிராஃப் லூக்கிச். இப்பல்லாம் அதுக்குத்தான் கூட்டம் வருது" என்றாள் இயக்குநர் அல்பினா.

"எங்க பாட்டன் பேரைப் பார்த்தாம்மா சிரிக்கணும்?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து வந்தார்.

வியாழக்கிழமை நண்பகல், தூண்டில் பையைத் தோளில் மாட்டினார். கிளம்புமுன், ராணுவ ரகசியம் காத்த நாற்பது வருடப் பழக்கத்தில், உருளைக்கிழங்கு நிலவறைக் கதவின் குறுக்கே நூல் கட்டி, களிமண் உருண்டையை அப்பி, சாவிக்கொத்தில் தொங்கிய பித்தளை முத்திரையை அதில் அழுத்தினார். முத்திரையில் இருந்த அவருடைய எண் நாற்பத்தொன்று.

"உருளைக்கிழங்கையும் அமெரிக்காக்காரன் தூக்கிட்டுப் போயிடுவானா?" என்றாள் மனைவி கிளாஃபிரா. தினமும் கேட்பதுதான்.

அருங்காட்சியக வாசலில் காவலர் பர்ஃபோனிச். ஒரு காலத்தில் லூக்கிச்சின் பட்டறையில் கடைசல் பிடித்தவர்.

"என்ன லூக்கிச், மீன் பிடிக்கவா? பதக்கம் வேற. மீனு எந்திரிச்சு சல்யூட் அடிக்குமோ?"

"மரியாதை தெரிஞ்ச மீனா இருந்தா அடிக்கும்."

"சரி, கொஞ்சம் வாசலைப் பார்த்துக்கோ. சூப்பு ஆறுது."

சனிக்கிழமைக்கான பொருட்களை வைத்திருந்த கிடங்கின் சாவி ஆணியில் தொங்கியது. கையுறையைக் கழற்றாமலே லூக்கிச் கதவைத் திறந்தார். துப்பாக்கி தூண்டில் பைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. சாதாரணத் துப்பாக்கியாக இருந்தால் குழல் வெளியே நீட்டியிருக்கும். குட்டையாகச் செய்ததன் பயன் முப்பத்தேழு வருடம் கழித்து நிரூபணமானது. பார்க்கத்தான் எந்தச் சோதனைக் குழுவும் அங்கே இல்லை. ஓர் அறையை விட்டு வெளியேறும் ஒழுங்கான மனிதன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, அவர் நிமிர்ந்தபடி படியிறங்கினார்.

மறுநாள் வீட்டுக்கு வந்தவள் ஜான்னா என்ற இளம் போலீஸ் அதிகாரி.

"கைரேகை இல்ல. கேமரா ஓடல. காவலர் ஒருத்தரும் வரலைன்னு சத்தியம் பண்றார். எடுத்தவர் கெட்டிக்காரர்" என்றாள்.

"மதிப்புத் தெரிஞ்சவன்" என்று திருத்தினார் லூக்கிச்.

அவள் நிலவறைக் கதவருகே குனிந்து பார்த்தாள். "அருங்காட்சியகத்துல கதவுக்கு முத்திரை வெக்கிறதை விட்டு இருபது வருஷம் ஆகுதாம். ஆனா திருடு போன கிடங்குக் கதவுல இன்னிக்குக் காலைல ஒண்ணு இருந்துச்சு. அதுவும் நாப்பத்தொண்ணுதான்."

கிளாஃபிரா கணவரைப் பார்த்தாள்.

லூக்கிச் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டார். "எழுதிக்கோம்மா. ஸபேலின் திருடினான். துப்பாக்கியோட முழுப் பேரையும் எழுது."

"அதை எழுத முடியாதே." அவள் பழுப்பேறிய தாள் ஒன்றை நீட்டினாள். "இந்தத் துப்பாக்கியை மூணு துண்டா வெட்டி உருக்கிட்டதா 1988ல சான்று இருக்கு. ஏழு கையெழுத்து. ஏழாவது உங்களோடது."

"வெட்ட மனசு வரல. கொதிகலனுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன். அப்புறம் எப்படியோ பழைய பெட்டிகளோட அங்க போயிருக்கு."

"அருங்காட்சியகப் பதிவேட்லயும் அது இல்ல. காட்சிக்கு வெக்கணும்னு குழல்லயும் ஓட்டை போட்டாச்சு, இனி அது சுடாது. இல்லாத துப்பாக்கியை எப்படித் திருட முடியும்? அது இங்கயே இருக்கட்டும்."

"அன்னிக்கு ராணுவம் அதை ஏத்துக்கல. இன்னிக்கு நீங்களுமா?"

"மேலதிகாரிக்கு ஏதாவது ஒண்ணு காட்டணும். அதுக்கு வழி இருக்கு" என்று அவள் எழுதி நீட்டினாள்.

லூக்கிச் கண்ணாடி போட்டுப் படித்தார். குற்றம்: ஓய்வு பெற்றபோது ஒப்படைக்க வேண்டிய முத்திரையை வைத்துக்கொண்டு, அனுமதியின்றி ஓர் அரசுக் கதவைப் பத்திரப்படுத்தியது.

கையெழுத்திட்டார். போனால் போகட்டும், குடும்பப் பெயராவது அந்தக் கூடத்திலிருந்து தப்பியது.

சனிக்கிழமை கூடம் திறந்தது. நடுவிலிருந்த கண்ணாடிப் பெட்டியில், கிடங்குக் கதவிலிருந்து நூலோடு கத்தரித்து எடுத்த ஒரு களிமண் உருண்டை. கீழே, அதே கொட்டை எழுத்தில், 'ஸபேலின்'.