ஒரு வாக்கியத்துக்கு மட்டும் இடம்

கதவைத் திறந்த கிரிசெல்தா வாங்க என்று சொல்லவில்லை. உதட்டின் மேல் விரலை வைத்தாள். எஃப்ராயின் தலையாட்டிவிட்டுப் பூனைபோல் அடியெடுத்து உள்ளே வந்தான்.

வாசலருகே சின்னப் பையன் ஒருவனின் கால்பந்துக் காலணிகள் கிடந்தன. ஜன்னல்களில் கம்பளி தொங்கியது. பையனுக்குக் காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்தவன், மேசையில் பழைய பொத்தான் போனுக்குப் பக்கத்திலிருந்த நோட்டை எடுத்து, ‘பையன் தூங்குறானா?’ என்று எழுதிக் காட்டினான். கிரிசெல்தா மடிக்கணினியைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையசைத்து, தானும் எழுதியே பதில் சொல்ல ஆரம்பித்தாள். பாவம், வாய் பேசாதவள்.

அவள் அனுப்பிய ஒன்பது கடிதங்களிலும் ஒரே வேண்டுகோள்தான்: உங்கள் விளையாட்டில் வரும் குட்டி சாகக் கூடாது. குவாதலஹாரா நகரத்தில் ஒரு பேக்கரியின் மாடியறையில் எஃப்ராயினும் அவன் கூட்டாளி ருத்திலியோவும் சேர்ந்து செய்த கணினிப் பேய் விளையாட்டு அது. ஒன்பதாவது கடிதம் வந்த அன்றே அவன் பஸ் ஏறிவிட்டான். “திரையில இருக்கற பிராணிக்கு வைத்தியம் பாக்க வீடு தேடிப் போற முதல் டாக்டர் நீதான்டா” என்று ருத்திலியோ சிரித்து வழியனுப்பினான்.

பார்ப்பதற்கு அது குழந்தைகள் திரையில் வளர்க்கும் சாதாரணக் குட்டிதான். ஊட்டலாம், குளிப்பாட்டலாம், தூங்கவைக்கலாம். ஆனால் எஃப்ராயின் அதற்கு ஒரு காது வைத்திருந்தான். கணினியின் மைக்கில் மனிதக் குரல் விழுந்தால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பசி வந்ததும் அதே குரலில், அதே வார்த்தைகளைச் சொல்லிக் கெஞ்சும். தன் குரலே தன்னிடம் கெஞ்சுவதைக் கேட்டு ஆட்கள் நாற்காலியிலிருந்து துள்ளினார்கள்.

ஒரு வாக்கியத்துக்கு மட்டும்தான் இடம். புதிது வந்தால் பழையது அழிந்துவிடும். அந்தச் சிக்கனத்தில் எஃப்ராயினுக்குப் பெருமை. இன்னொரு கொடூரமும் உண்டு: பசியில் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் ஆயுளில் ஒரு புள்ளி குறையும். அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் திரும்பி வராது.

கணினியில் குட்டி உருண்டு படுத்திருந்தது. முந்நூறு புள்ளிகளில் மிச்சம் ஒன்றே ஒன்று. வேளைக்கு ஊட்டியிருந்தால் வருஷக்கணக்கில் வாழும் குட்டியை, தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அது கூப்பிடும்வரை பட்டினி போட்டிருக்கிறாள். அவனுக்குச் சுருக்கென்றது.

‘பட்டினி போடறதும் நீங்க, சாகக் கூடாதுன்னு கேக்கறதும் நீங்களா?’ என்று எழுதினான்.

அவள் பேனாவை வாங்கினாள். ‘பசிச்சாத்தானே கூப்பிடுது.’

தனிமை, என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். கோபம் போய்விட்டது.

அப்போது தெருவில் பழைய இரும்பு வாங்கும் வண்டியின் ஒலிபெருக்கி கேட்டது. மெத்தை, அடுப்பு, துணி துவைக்கும் மெஷின் எது இருந்தாலும் எடுத்துக்கொள்வதாகப் பதிவு செய்த குரல் ராகம் போட்டது. கிரிசெல்தா பாய்ந்து வந்து கணினியின் மூடியைச் சாத்தினாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எஃப்ராயின் உள்ளறையை எட்டிப் பார்த்தான். நல்லவேளை, பையன் எழுந்துகொள்ளவில்லை.

வேலை சின்னதுதான். புள்ளி குறையும் இடத்தில், ஒன்றுக்குக் கீழே இறங்காதே என்று ஒரு வரி சேர்த்தான். அது எப்படி என்று விளக்காமல் அவனால் இருக்க முடியாது. நோட்டில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை வரைந்தான். குழாயை அடியில் வைக்காமல் நாலு விரல் மேலே வைத்தால், எத்தனை முறை திறந்தாலும் அடித்தண்ணீர் அப்படியே நிற்கும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினான்.

அவள் அந்த அடித்தண்ணீரை விரலால் தொட்டாள். ‘எத்தனை தடவ கூப்பிட்டாலுமா?’

‘எத்தனை தடவ வேணாலும்.’

நாலு மணி ஆயிற்று. திரையில் குட்டி எழுந்து வயிற்றைத் தடவியது. கிரிசெல்தா நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு நெருக்கமாகக் குனிந்து, கண்களை மூடிக்கொண்டாள். குட்டி ஒரு சின்னப் பையனின் குரலில் கூப்பிட்டது. கடைசிப் புள்ளி ஒருமுறை துடித்தது. அணையவில்லை.

எஃப்ராயினுக்குச் சந்தோஷம் தாளவில்லை.

“இனிமே சாகாதுங்க” என்றான்.

அவள் கை அவன் வாயைப் பொத்தியது. ஒரு நொடி தாமதம். திரையில் குட்டியின் காது நிமிர்ந்திருந்தது. அந்தக் காதை வைத்தவனே அதை மறந்துபோயிருந்தான்.

குட்டி வாயைத் திறந்தது. எஃப்ராயினின் குரலில் கெஞ்சியது.

“இனிமே சாகாதுங்க... இனிமே சாகாதுங்க...”

கிரிசெல்தா அவன் வாயிலிருந்து கையை எடுத்தாள். பத்து மாதமாக அந்த வீட்டுக்குள் பேசியிராத அவள் தொண்டை கரகரத்தது.

“உள்ள யாரும் தூங்கல, தம்பி. எம் பையன் இதுக்குள்ளதான் இருந்தான்.”