மேல் பிரிவு

கோழி ஆலையில் எட்டு மணி நேரம் எலும்பெடுத்த கை, பேனாவைக்கூடப் பிடிக்க மறுத்தது. அந்தக் கையோடுதான் பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போனேன்.

பாட்டுக்குக் கொடியைச் சுழற்றி ஆடும் என் மகள் கெண்ட்ராவின் கொடியாட்டக் குழு, கீழ்ப் பிரிவில் மூன்று வருடமாக முதலிடம். பயிற்சியாளர் ட்வைலா அதைப் பலமான குழுக்கள் மோதும் மேல் பிரிவுக்கு மாற்றப்போகிறாளாம்.

"மேல போனா கடைசியாத்தான் வருவாங்க," என்றேன்.

"வரலாம்," என்றாள்.

"நடுவருங்க போகச் சொன்னாங்களா?"

"இல்ல. நான்தான் கேட்டு வாங்கினேன்."

"உன் பேரு பெருசாகணும்னா எங்க பிள்ளைங்கதான் கெடச்சாங்களா?"

மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். எல்லாரும் என்னோடு ஆலையில் நிற்கிறவர்கள். ட்வைலா போட்டி அட்டவணையை ஆளுக்கொன்று நீட்டினாள். நான் பார்க்காமலே பையில் திணித்தேன்.

சனிக்கிழமை போட்டியில் கெண்ட்ரா இரண்டு முறை கொடியைத் தவறவிட்டாள். குழுவுக்குக் கடைசி இடம்.

நான் முதல் வரிசையில் இருந்தேன். அந்த வரிசை முழுக்க ஆலைக்காரிகள்.

அன்று ஆலையில் மதியச் சாப்பாட்டின்போதுதான் அட்டவணையைப் பிரித்திருந்தேன். கீழ்ப் பிரிவு காலை ஒன்பது மணிக்கு. மேல் பிரிவு மாலை ஆறு மணிக்கு. சனிக்கிழமையும் எங்கள் ஷிப்ட் நான்கு மணிக்குத்தான் முடியும்.

மூன்று வருடத்தில் என் மகள் ஆடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ட்வைலாவிடம் நான் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.