மத்தி வலையில் வந்தது

மத்தி துள்ளிக்கொண்டிருந்த வலையின் நடுவே ஒரு முதுகு மெல்ல எழுந்தது.

அது எழுந்து முடியவே இல்லை. வள்ளத்தையும் தாண்டி நீண்டது. கருநீல முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், அமாவாசை வானத்தைத் தண்ணீரில் விரித்த மாதிரி.

திமிங்கலச் சுறா. யாரையும் கடிக்காது. வலை சுற்றிக்கொண்டால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

சங்குமுகம் கரை தூரத்தில் கோடாகத் தெரிந்தது. வள்ளத்துக்காரர் கிளீட்டஸோடு சேர்த்து வள்ளத்தில் நாலு பேர்.

முதலில் அவர் மருமகன் ஜெறால்டுதான் வாயைத் திறந்தான். வலை இப்போதுதான் வாங்கியது, இப்படி மத்தி பட்டு எத்தனையோ மாதமாகிறது, அறுத்தால் இரண்டும் போகும், கொஞ்சம் பொறுத்தால் அது தானே அடங்கிவிடும் என்றான். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

கிளீட்டஸ் குனிந்து அதன்மேல் கைவைத்தார். உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. உள்ளே எங்கோ ஆழத்தில் ஏதோ அடித்துக்கொண்டது. அத்தனை பெரிய உடம்பில் ஒரு சின்னக் கண். அது அவரைப் பார்த்தது.

கடல் நமக்குச் சொந்தமில்லை, பார்த்துக்கொள்ளக் கர்த்தர் தந்தது என்று பங்குக் குருவான அச்சன் ஞாயிறுதோறும் சொல்வார். பாதித் தூக்கத்தில் தலையாட்டிய பேச்சு. இத்தனை பெரியதையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று கிளீட்டஸ் நினைத்ததே இல்லை.

அவர் கத்தியை எடுத்தார்.

"மாமா, இன்னிக்கு மட்டும் வேண்டாம் மாமா."

கண்கண்ணாக வலை அறுந்தது. மத்தி மொத்தமும் வெள்ளியாகச் சரிந்து மறைந்தது. அது மட்டும் அவசரப்படவில்லை. தலை தாழ்ந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக நீலத்தில் அணைந்தன. கடைசியில் வால் ஒருமுறை அசைந்தது.

வெகுநேரம் யாரும் எஞ்சினைத் தொடவில்லை. ஜெறால்டு தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தான்.

கரையில் அச்சன் பெரிய கூடையோடு காத்திருந்தார். தேவாலயக் கூரை ஒழுகுகிறது. இன்றைய மீன் முழுவதும் அதற்கென்று பீடத்தின் முன் நேர்ந்துகொண்டவர் கிளீட்டஸ்.

நடந்ததை நாலே வார்த்தையில் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

அச்சன் மலைநாட்டுக்காரர், இப்படியொரு மீனைக் கண்டதே இல்லை. கிழிந்த வலையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"முதல்ல இருந்து சொல்லு கிளீட்டஸ். எவ்வளவு பெருசு?"